புள்ளிக்கு ஒரு பிட், சுழிக்கு ஒரு பிட்

மரத்தில் பெயர்ப்பலகை செதுக்க சி.என்.சி. மெஷின் (கணினி சொல்லும் வழியில் தானாக வெட்டும் இயந்திரம்) வாங்குகிறவர்கள் முதலில் வாங்குவது வி பிட்டைத்தான், அதாவது முனை V போல் கூராக இருக்கும் வெட்டும் அலகை. அம்பத்தூரில் சின்னதாக ஒரு பட்டறை போட்ட நாளிலிருந்து நானும் அதை வைத்துத்தான் ஓட்டினேன். 60 டிகிரியில் ஒன்று, 90 டிகிரியில் ஒன்று இருந்தால் வருகிற ஆர்டரில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். மென்பொருளில் எழுத்தைத் தட்டி டூல்பாத் (பிட் நடக்க வேண்டிய பாதை) போட்டால் போதும், கோடு அகலமாகும் இடத்தில் பிட் தானாகக் கீழே இறங்கும், ஒடுங்கும் இடத்தில் மேலே ஏறும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் கூர்மையான முனைகளை அதுபோல் எடுத்துக்கொடுக்க வேறு பிட்டால் முடியாது.

தமிழுக்கு அது போதாது என்பது என் கட்சி. நம் எழுத்தில் கூர்முனை குறைவு. சுழியும் வளைவும்தான் அதிகம், அதற்கு மேல் புள்ளி வேறு. கதவு பேனலுக்கும் ஃப்ரேம் ஓரத்துக்கும் சிற்ப வேலைக்கும் என்று விற்கிற பிட்டுகளை எழுத்துக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்பதை மெஷின் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வி பிட் எங்கே தடுமாறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டின் அகலம் 10 மி.மீ. என்றால் 90 டிகிரி பிட் 5 மி.மீ. ஆழம் போகும். 60 டிகிரி பிட் கிட்டத்தட்ட 8.7 மி.மீ. போகும், 120 டிகிரி பிட் 2.9 மி.மீ.தான் போகும். அகலம் கூடினால் ஆழமும் கூடும், அந்தப் பிட்டின் கணக்கே அவ்வளவுதான். தமிழில் இரண்டு வளைவுகள் ஒன்றோடு ஒன்று சேரும் இடமெல்லாம் கோடு சட்டென்று தடிக்கும். 'இ'யின் சுழி உடம்போடு ஒட்டும் இடம், 'ஞ'வின் வயிறு, 'ண'வின் முதல் வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், இங்கெல்லாம் பிட் திடீரென்று ஒரு குழி போட்டுவிட்டு மேலே வரும். தூரத்தில் நின்று பார்த்தால் அந்தக் குழிகள் மட்டும் கறுப்பாகத் தெரியும்.

அடுத்தது சுழிக்குள் நிற்கும் தீவு. மூன்று சுழி 'ண'வில் முதல் சுழிக்கு நடுவே ஒரு சின்ன மரத்துண்டு மிஞ்சும் அல்லவா? வி பிட் அதைச் சுற்றி நாலு பக்கமும் வெட்டி முடிக்கும்போது உச்சியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் மீதி இருக்கும். மரத்தின் நார் அந்த இடத்தில் குறுக்கே ஓடினால், உப்புத்தாள் போடும்போதே அது பிய்ந்து போய்விடும். தேக்கில் இது அடிக்கடி நடக்கும். சுழி இல்லாத 'ண'வை யாரும் வாங்க மாட்டார்கள்.

இனி, புள்ளி. வட்டத்தில் வி பிட் இறங்கினால் கிடைப்பது கூம்பு. பாலிஷ் அதன் அடியில் தேங்கும், தெருத் தூசி அங்கேதான் போய் உட்காரும், துணியால் துடைத்தாலும் வராது. 'இல்லம்' என்று எழுதினால் இரண்டு புள்ளி. வீட்டுப் பெயரில் பாதி 'இல்லம்' என்றுதானே முடிகிறது? அந்த இரண்டு புள்ளியும் ஆணி பிடுங்கிய ஓட்டை மாதிரி தெரிவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டுகளின் முன்னால் நின்றால் அதைப் பார்க்கலாம். உளியால் கல்லில் வெட்டுகிறவருக்கு அந்த வசதி இருந்தது. இன்று பெயர்ப்பலகையில் புள்ளியை விட்டால் சண்டைக்கு வருவார்கள்.

அங்கிருந்துதான் பால் நோஸ் பிட்டுக்குப் போனேன். அது உருண்டை முனை கொண்ட பிட், சாமி சிலை, கதவுப் பூ வேலை போன்ற 3டி செதுக்கலுக்கு எல்லாரும் வைத்திருப்பார்கள். எழுத்துக்கு அதை எடுப்பவர்கள் குறைவு. 6 மி.மீ. பால் நோஸை எழுத்தின் நடுக்கோட்டில் ஓட்டினால் அரைவட்ட வாய்க்கால் ஒன்று கிடைக்கும். முனை இல்லை, திடீர்க் குழி இல்லை. இரண்டு வளைவு சேரும் இடத்திலும் ஆழம் மாறாது. கோட்டின் முடிவு தானாகவே உருண்டையாக வரும். ஓலையில் எழுத்தாணி இழுத்த கோட்டுக்கும் பேனா இழுத்த கோட்டுக்கும் முடிவு அப்படித்தானே இருக்கும்? தமிழ் எழுத்து அதில் வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஆழம். 6 மி.மீ. பால் நோஸ் அரை மில்லிமீட்டர் இறங்கினால் 3.3 மி.மீ. அகலக் கோடு போடும். 1 மி.மீ. இறங்கினால் 4.5 மி.மீ. ஆகிவிடும். அதாவது பலகை ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தால் அந்தப் பக்கத்து எழுத்து பளிச்சென்று தடித்துத் தெரியும். ஆனால் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறக்கிவிட்டால் அகலம் 6 மி.மீ.யில் நின்றுவிடும், பலகை கொஞ்சம் வளைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் என் கணக்கு இதுதான்: பால் நோஸில் எழுதினால் பிட்டின் ஆரத்துக்குக் குறையாத ஆழம் வேண்டும், முடிந்தால் அதற்கு மேல் அரை மில்லிமீட்டர். மேலோட்டமாக எழுதுவது அழகாக இருக்கும் என்று தோன்றும். சென்னையில் கிடைக்கிற பலகைகளை வைத்துக்கொண்டு அந்த ஆசை வேண்டாம்.

புள்ளியைக் கோட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வைக்கிறேன். கோடு 6 மி.மீ. என்றால் புள்ளிக்கு 8 மி.மீ. பால் நோஸ், 4 மி.மீ. ஆழம். அச்சு எழுத்துகளிலும் கோட்டை விடத் தடித்த புள்ளிதான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. பால் நோஸை நேராகக் கீழே குத்தும்போது மட்டும் ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பிட் சுற்றினாலும் அதன் நட்டநடுப் புள்ளியில் வேகம் கிடையாது, அது மரத்தை வெட்டாது, அழுத்தும், தேய்க்கும். கீழே போய் ஒரு நொடி நின்றாலும் புள்ளியின் அடி கருகிவிடும். டூல்பாத்தில் கீழே நிற்கும் நேரத்தைச் சுழியமாக வைத்து, இறங்கியதும் ஏறிவிட வேண்டும். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் 3 மி.மீ. பால் நோஸை வைத்து அந்தக் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிச் செதுக்க வைக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் உப்புத்தாளே தேவைப்படாது.

புள்ளிக்கு இன்னொரு வழியும் உண்டு. குமிழ் தலை பித்தளை ஆணியை அந்த இடத்தில் அடித்துவிடலாம். செட்டிநாட்டுக் கதவுகளில் பித்தளைக் குமிழ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. கோடு குழிவாக, புள்ளி மட்டும் மேடாக இருக்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பித்தளை சீக்கிரம் கறுக்கும், அதை முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன்.

அப்புறம் ஓஜீ பிட். கதவு பேனலில் அலை மாதிரி விளிம்பு எடுப்பார்களே, அதற்கானது. இதில் இரண்டு வகை இருக்கிறது. அடியில் பேரிங் வைத்த பிட் பலகையின் ஓரத்தில் ஓடுவதற்கு, அதை மரத்துக்குள் குத்தி இறக்க முடியாது. எழுத்துக்கு வேண்டியது பேரிங் இல்லாமல், வெட்டும் விளிம்பு நடுவரைக்கும் வந்து சேர்கிற வகை. பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் டூல்ஸ் கடைகளில் ஓஜீ என்று கேட்டால் முதலில் பேரிங் வைத்ததைத்தான் எடுத்துப் போடுவார்கள். பிட்டைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பாருங்கள். இரண்டு பிளேடும் நடுவில் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருந்தால் அது உள்ளே இறங்கும். நடுவில் திருகாணியோ வெற்றிடமோ இருந்தால் எழுத்துக்கு ஆகாது.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். அந்த வீட்டு அம்மா, வாசலில் தொங்கிய பழைய பலகையைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். எனாமல் பெயின்ட்டில் பிரஷ்ஷால் எழுதிய 'அன்னை இல்லம்'. "தம்பி, இந்த 'னை' இப்படியேதான் வரணும், இப்போ போடற மாதிரி போட்டுடாதீங்க" என்றார். 1978-ல் தமிழக அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தனிக் கொம்பு கிடையாது, எழுத்தின் மேலேயே துதிக்கை வைத்ததுபோல் வளைத்து எழுதுவார்கள். அந்த வடிவம் இன்றைய ஃபான்ட்டுகள் பெரும்பாலானவற்றில் வராது. "சரிங்கம்மா, பலகையை ரெண்டு நாள் வெச்சுக்கறேன்" என்று சொல்லி வாங்கி, டிரேசிங் தாள் போட்டு, கோட்டின் இரண்டு ஓரத்தையும் விட்டுவிட்டு நடுக்கோட்டை மட்டும் பென்சிலால் எடுத்தேன்.

ஓஜீ மாதிரியான வடிவப் பிட்டுகளுக்கு ஆதாரமே இந்த நடுக்கோடுதான். ஃபான்ட் கொடுப்பது எழுத்தின் வெளிக்கோடு. வி பிட் அதை வைத்து வேலை செய்யும். ஓஜீயோ, பால் நோஸோ, கோட்டின் அகலத்தைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது, அதற்குத் தேவை எங்கே நடக்க வேண்டும் என்கிற ஒற்றைக் கோடு மட்டும். மென்பொருளில் தானாக நடுக்கோடு எடுக்கும் வசதி இருந்தாலும் தமிழ்ச் சுழியில் அது முடிச்சு போட்டுவிடுகிறது. கையால் வரைவதே மேல். வரையும்போது வளைவுகளை வட்டவில்லாகவே வையுங்கள். நூறு சின்னச் சின்ன நேர்க்கோடாக உடைந்து கிடந்தால் மெஷின் ஒவ்வொரு முனையிலும் தயங்கித் தயங்கிப் போகும், தயங்கும் இடமெல்லாம் மரம் கருகும். பிட் மழுங்கிவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள், காரணம் கோப்பில் இருக்கும்.

இரண்டாவது, எழுத்தின் அளவைப் பிட்தான் முடிவு செய்யும். என்னிடம் இருக்கும் ஓஜீயின் விட்டம் 12.7 மி.மீ., அதாவது அரை இஞ்ச். சுழியின் நடுக்கோட்டு வட்டம் அதைவிடச் சிறியதாக இருந்தால் உள்ளே இருக்கும் தீவை பிட் மொத்தமாகத் தின்றுவிடும். தீவு 6 மி.மீ. ஆவது நிற்க வேண்டும் என்றால் நடுக்கோட்டு வட்டம் 19 மி.மீ. இருக்க வேண்டும். அப்போது சுழியின் வெளி அகலம் 31, 32 மி.மீ. ஆகிறது. சுழி எழுத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் எழுத்து 95 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது. வாடிக்கையாளர் பலகையின் நீளத்தைச் சொல்லும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, ஓஜீ வருமா வராதா என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த 'னை'யின் துதிக்கைக்கு ஓஜீ பிரமாதமாக வந்தது. நடுவில் ஒரு கூரான வரி, இரண்டு பக்கமும் அலையாக ஏறும் சரிவு, மேலே ஒரு மெல்லிய விளிம்பு. ஒரே கோடு மூன்று கோடாகத் தெரிகிறது. கோடுகள் சேரும் இடத்தில் இரண்டு சரிவும் சந்தித்து ஒரு மடிப்பு விழும், ஃப்ரேம் மூலையில் இரண்டு கட்டை சேரும் இடத்தில் விழுவதுபோல. அதை யாரும் வரையவில்லை, பிட்டே போட்டுத் தருகிறது.

ஆனால் ஓஜீ ஆழத்தில் ஏமாற்று வேலைக்கு இடம் தராது. அதன் வடிவம் முழுதாக வர ஒரே ஒரு ஆழம்தான் சரி. கால் மில்லிமீட்டர் குறைந்தால் மேல் விளிம்பு காணாமல் போகும், கூடினால் எழுத்தைச் சுற்றி ஒரு படி வெட்டிவிடும். அதனால் பலகையை மெஷினின் மேடையில் கிளாம்ப் செய்ததும், கழற்றாமல், அகலமான சர்ஃபேசிங் பிட்டால் மேல்பரப்பை ஒரு முறை மட்டம் எடுத்துவிட்டு அதன் மேல்தான் எழுத்தை ஓட்ட வேண்டும். ஓஜீ ஓட்டும்போது இந்த வேலையை ஒருபோதும் தவிர்க்க மாட்டேன்.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். 6 மி.மீ. பால் நோஸ், இரண்டு பிளேடு, 18,000 சுற்று, நிமிடத்துக்கு 1,800 மி.மீ. ஃபீடு (பிட் முன்னே நகரும் வேகம்) என்றால் ஒவ்வொரு பிளேடும் ஒரு சுற்றில் 0.05 மி.மீ. சீவுகிறது. தேக்குக்கு அது பொருந்துகிறது. ஓஜீ போன்ற அகலமான பிட்டை அதே சுற்றில் நான் ஓட்டுவதில்லை, விளிம்பின் வேகம் அதிகமாகி மரம் கருகலாம். 12,000-லிருந்து 14,000 வரை போதும். ஆனால் பிட்டைச் சுற்றும் மோட்டாரான நம் சீன ஸ்பிண்டில் 2.2 கிலோவாட் என்று போட்டிருப்பது 24,000 சுற்றில். சுற்றைப் பாதியாக்கினால் சக்தியும் ஏறக்குறைய பாதியாகும். அதனால் ஒரே இறக்கத்தில் முழு ஆழம் போகாமல் படிப்படியாக இறங்கி, கடைசியில் 0.3 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து அதை ஒரே ஓட்டத்தில் எடுப்பது நல்லது. பளபளப்பு அந்தக் கடைசி ஓட்டத்தில்தான் வருகிறது.

பிட்டின் தண்டை ஸ்பிண்டிலில் இறுக்கிப் பிடிக்கும் காலெட்டையும் பாருங்கள். கடையில் கால் இஞ்ச் தண்டு என்று விற்பது 6.35 மி.மீ. அதை 6 மி.மீ. காலெட்டில் அமுக்கி நுழைக்கப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இஆர் 20 வகைக் காலெட் ஒவ்வொன்றும் தன் அளவிலிருந்து 1 மி.மீ. வரைதான் சுருங்கும், விரியாது. 7 மி.மீ. காலெட்டோ 6.35 என்று போட்ட காலெட்டோ தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அரை இஞ்ச் தண்டுக்கு 13 மி.மீ. காலெட். சின்ன மெஷினில் இஆர் 11 இருந்தால் 7 மி.மீ.க்கு மேல் எதுவும் போகாது, அரை இஞ்ச் தண்டு வைத்த பெரிய வடிவப் பிட்டுகளை மறந்துவிட வேண்டியதுதான்.

டவ்டெய்ல் பிட்டை எழுத்துக்குக் கொண்டுவந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். அடியில் அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருக்கும் பிட் அது, டிராயர் மூட்டுக்கு ஓட்டுவது. அதில் எழுத்தை வெட்டி, பித்தளைப் பொடி கலந்த எபாக்சி ரெசினை ஊற்றினால், உள்ளே அகன்ற இடத்தில் ரெசின் பூட்டிக்கொள்ளும். சென்னையில் மே மாதம் மரம் காய்ந்து சுருங்கும், வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் ஈரம் குடித்து உப்பும். வி பள்ளத்தில் ஊற்றிய ரெசின் ஓரம் விட்டு மேலே எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். டவ்டெய்லில் அது வெளியே வர வழியே இல்லை.

இதை ஓட்டும் முறை வேறு. டவ்டெய்ல் நேராகக் கீழே இறங்காது. இறங்க ஒரு கிணறு வேண்டும். பிட்டின் அடி விட்டம் 12.7 மி.மீ. என்றால் 13 மி.மீ.க்குச் சாதாரண நேர் பிட்டால் ஒரு துளை போட்டுவிட்டு, அதற்குள் டவ்டெய்லை இறக்கி, அங்கிருந்து நடக்க விட வேண்டும். இங்கேதான் தமிழ் எழுத்து உதவிக்கு வருகிறது. நம் எழுத்து பல சுழியில்தான் தொடங்குகிறது, 'அ', 'இ', 'ல', கொம்பு எல்லாம் அப்படி. சுழியின் தொடக்கத்தில் கோடு கொஞ்சம் தடித்து உருண்டையாக இருந்தால் அதுவும் எழுத்தின் அழகுதான். கிணற்றை அங்கே வைத்துவிட்டால் தனியாகத் தெரியாது.

முதலில் 6 மி.மீ. நேர் பிட்டால் நடுக்கோட்டில் மரச்சதையை எடுத்துவிடுங்கள். 14 டிகிரி சாய்வுள்ள அந்த டவ்டெய்ல் 10 மி.மீ. ஆழத்தில் ஓடினால் மேல்வாய் 7.7 மி.மீ. இருக்கும், 6 மி.மீ. பிட் அதற்குள் அடங்கும். இதைச் செய்யாமல் நேராக டவ்டெய்லை விட்டால் தூள் வெளியே வர இடமில்லாமல் அடைத்து, பிட்டின் மெல்லிய கழுத்து முறியும். ஓட்டம் முடிகிற இடமும் கிணறாகத்தான் இருக்க வேண்டும், போன வழியே திரும்பி வரும்படி டூல்பாத் போடுங்கள். பாதியில் மின்சாரம் போனாலோ மெஷினை நிறுத்த வேண்டி வந்தாலோ இசட்டை (மேலும் கீழும் நகரும் அச்சை) மேலே தூக்கிவிடாதீர்கள். மரம் பிய்ந்துகொண்டு வரும். ஸ்பிண்டில் முழுதாக நின்றதும் காலெட்டைத் தளர்த்தி, பிட்டைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு, ஸ்பிண்டிலை மட்டும் மேலே ஏற்றுங்கள். என் பட்டறையில் மெஷின் பக்கத்துச் சுவரில் இதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மேடான எழுத்துக்கு, அதாவது பின்னணியை வெட்டி எழுத்தை நிற்க வைப்பதற்கு, முனையில் வெட்டும் ரவுண்ட் ஓவர் பிட்டை எழுத்தின் வெளிக்கோட்டைச் சுற்றி ஓட்டலாம். ஓரம் உருண்டு வரும், கையால் தடவினால் நன்றாக இருக்கும். பின்னணிக்கு 6 மி.மீ. பால் நோஸை 3 மி.மீ. இடைவெளியில் வேண்டுமென்றே ஓட்டினால் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. உயரத்துக்கு வரிவரியாக மேடு நிற்கும், உளியால் கொத்தியதுபோல் இருக்கும். வாசல் கேட்டில் தொங்கும் பலகைக்கு இதற்கு மேல் ஆழமான வரி வேண்டாம், தூசி துடைத்து மாளாது. பூஜை அறைக் கதவில் 15 மி.மீ. உயரச் சின்ன எழுத்து கேட்டால் டேப்பர் பால் நோஸ்தான். அரை மில்லிமீட்டர் ஆரம் கொண்ட முனை, மேலே போகப் போகத் தடிக்கும் உடம்பு. முனை மெல்லியது என்பதால் தீவு பிழைத்துக்கொள்ளும். கணு வரும் இடத்தில் மட்டும் முனை பொசுக்கென்று முறியும், எழுத்தைக் கணுவிலிருந்து தள்ளி வையுங்கள்.

மரம் தேக்காக இருந்தால் பிட் சீக்கிரம் மழுங்கும், அதில் சிலிக்கா இருக்கிறது. வடிவப் பிட்டுகளைச் சாணை பிடிக்கவும் முடியாது, வடிவம் மாறிவிடும். அதனால் ஓஜீயைக் கடைசி ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் சதை எடுக்கும் வேலையை விலை குறைந்த நேர் பிட்டுக்கு விடுகிறேன். சோதனைக்கு எம்.டி.எஃப். போடாதீர்கள். அதில் நாருக்கு ஒரு திசை கிடையாது, அதனால் நாளை மரத்தில் என்ன ஆகும் என்று அது சொல்லாது. வேப்பம்பலகைத் துண்டு நல்லது, சுலபமாகக் கிடைக்கும், நாரின் குணமும் தெரியும்.

நார் என்றதும் எங்கள் ஆசாரி நினைவுக்கு வருகிறார். கையால் எழுத்து வெட்டிப் பழகியவர். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று, "தம்பி, இந்த வளைவுல மட்டும் எதிர்ப்பக்கம் வரச் சொல்லு, நார் எந்திரிக்குது" என்பார். சொன்ன இடத்தில் விரலை வைத்தால் சரியாக அங்கே பிசிறு இருக்கும். "அண்ணே, இது ஒரே திசைலதான் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கடைசி ஓட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எதிர்த்திசையில் ஓட்டிப் பார்த்தேன். குறுக்கு நாரில் வந்த பிசிறு பெரும்பாலும் போய்விட்டது.

மிச்சமிருக்கும் பிசிறுக்கு வழி சீலர். ஓஜீ வடிவத்துக்குள் உப்புத்தாளை விட்டால் அந்த மெல்லிய விளிம்புகளைத் தேய்த்து மொண்ணையாக்கிவிடுவோம். அதனால் கடைசி 0.3 மி.மீ. மிச்சம் இருக்கும்போது மெஷினை நிறுத்தி, பலகையைக் கழற்றாமல், பள்ளத்துக்குள் சேண்டிங் சீலரை பிரஷ்ஷால் பூசி நன்றாகக் காய விடுகிறேன். சீலர் நாரை விறைக்க வைக்கும். அதற்குப் பிறகு கடைசி ஓட்டம் போனால் எழுந்து நின்ற நார் சுத்தமாக அறுபடும். நைலான் பிரஷ்ஷால் ஒரு தட்டு, அவ்வளவுதான். தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், மாஸ்க்கும் தூள் உறிஞ்சியும் இல்லாமல் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த எழுத்துக்கு எந்தப் பிட் என்பதை நான் கடைசியாக முடிவு செய்வது வெளிச்சத்தை வைத்து. பலகை தொங்கப் போகும் இடத்தைப் போய்ப் பார்க்காமல் இப்போது ஆர்டர் எடுப்பதில்லை. அடுக்குமாடியின் நடைவழியில் உத்தரத்தில் ஒரு டியூப்லைட் இருக்கும், வெளிச்சம் மேலிருந்து சரிந்து விழும். அங்கே பால் நோஸ் வாய்க்கால் மேல் பாதி இருட்டும் கீழ் பாதி வெளிச்சமுமாகப் பிரிந்து எழுத்து தெளிவாகத் தெரிகிறது, வண்ணமே வேண்டாம். கிழக்குப் பார்த்த வாசலில் காலை வெயில் நேருக்கு நேர் விழும்போது அதே வாய்க்கால் வெளுத்துப் போய் எழுத்தே தெரியாது. அங்கே ஓஜீ நிற்கும், அதன் விளிம்புகள் எந்த வெளிச்சத்திலும் ஏதாவது ஒரு நிழல் போடும். வெளிச்சமே வராத இடுக்கு என்றால் டவ்டெய்லும் பித்தளை ரெசினும். சோதனைத் துண்டில் ஒரே எழுத்தை இந்த மூன்றிலும் வெட்டி வைத்திருக்கிறேன். அதைச் சுவரில் பிடித்து, பத்தடி தள்ளி நின்று வாடிக்கையாளரையே பார்க்கச் சொல்கிறேன். சாயங்காலம் ஒரு முறை, காலையில் ஒரு முறை பார்த்தவர்கள் பிறகு மனம் மாறுவதில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர் என்னிடம் கேட்டால் 6 மி.மீ. பால் நோஸ் ஒன்றும் 8 மி.மீ. ஒன்றும் முதலில் வாங்கச் சொல்வேன். விலை அதிகமில்லை, கைவசம் இருக்கும் காலெட்டே பெரும்பாலும் போதும். நடுக்கோட்டைக் கையால் வரைந்து, 'இல்லம்' என்கிற ஒரு சொல்லை 60 மி.மீ. உயரத்தில் வேப்பம்பலகையில் 3.5 மி.மீ. ஆழம் ஓட்டுங்கள். சுழிக்குள் தீவு நிற்கிறதா, புள்ளி கருகாமல் வருகிறதா, எந்த வளைவில் பிசிறு எழுகிறது என்பது மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். அதைச் சரிசெய்த பிறகு ஓஜீக்குக் காசு போடலாம்.